கடலோரத்தில் ஒரு கலர் வீடு

ஸ்பெயினின் வியாஹோயோசாவில் வீடு தேடுவோரை மயக்குவது நிறம், காப்பாற்றுவது பத்திரம்

நீலம், மஞ்சள், செங்காவி. அலிகாந்தே மாகாணத்தில் மத்தியதரைக் கடலைப் பார்த்து நிற்கும் வியாஹோயோசாவின் பழைய வீடுகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. கடலுக்குப் போன மீனவர்கள் தொலைவிலிருந்தே தங்கள் வீட்டை அடையாளம் காண இந்த ஏற்பாடு என்பது ஊரார் சொல்லும் கதை.

பக்கத்து ஊரான பெனிதோர்ம் வானளாவிய ஓட்டல்களாக மாறிவிட்டது. இந்த ஊரோ மீன்பிடிப் படகுகளையும் 1881-ல் தொடங்கிய வாலோர் சாக்லேட் நிறுவனத்தையும் கைவிடவில்லை. 1538-ல் நடந்த கடற்கொள்ளையர் தாக்குதலை நினைவுகூரும் ஜூலை விழாவில், விடியுமுன்பே கடற்கரையில் வெடிச் சத்தம் கிளம்பிவிடும். அமைதி தேடி வருகிறவர்கள் இதையும் யோசித்தபின் முன்பணம் தருவது நல்லது.

முன்பணம் பொதுவாக 10 சதவீதம். வழக்கமான ஒப்பந்தப்படி, வாங்குபவர் பின்வாங்கினால் பணம் போனதுதான். விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தரவேண்டும். எனவே அதற்கு முன்பே சொத்துப் பதிவகத்தில் உரிமையாளர் யார், அடமானம் உண்டா என்று பார்த்துவிட வேண்டும். அடுக்குமாடி வீடென்றால் பழைய உரிமையாளர் சங்கத்துக்கு வைத்த பாக்கியும் கூடவே வரும்: நடப்பு ஆண்டுக்கும் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கும். கடலை ஒட்டிய வீடு இன்னும் சிக்கல். 1988-ம் ஆண்டுச் சட்டப்படி கடற்கரை பொதுச் சொத்து; அந்த எல்லைக்குள் இருக்கும் வீட்டில் கிடைப்பது உரிமையல்ல, குறிப்பிட்ட காலத்துக்கான அனுபோகம் மட்டுமே.

இந்தியர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ரிசர்வ் வங்கியின் பொது அனுமதிப்படி ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரைதான் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினால் குடியிருப்பு அனுமதி என்று 2013-ல் தொடங்கிய திட்டத்தை ஸ்பெயின் 2025 ஏப்ரலில் மூடிவிட்டது. உள்ளூர்க்காரர்களுக்கே வீடு எட்டாக்கனியாகிறது என்பதுதான் அரசு சொன்ன காரணம். அதே மாதம் முதல், அடுக்குமாடி வீட்டைப் புதிதாகச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடவும் அக்கம்பக்கத்தாரில் ஐந்தில் மூன்று பங்கினரின் சம்மதம் வேண்டும்.

கெடுபிடியில் நியாயம் இருக்கிறது. வாங்கியவர்கள் எல்லோரும் ஆண்டில் பத்து மாதம் வீட்டைப் பூட்டி வைத்தால் சுவரில் நிறம் மிஞ்சும். அதைப் பார்த்து வீடு திரும்ப ஊரில் மீனவர் மிஞ்சமாட்டார்.