அமெரிக்கச் சித்திரக்கதைகளிற் கறுப்பின வீரர்: தலைமை பற்றிய தலைமுறை வேறுபாடுகள்

ஒரு சமூகம் தன் தலைவர்களிடம் எதனை எதிர்பார்க்கின்றது என்பதை அதன் உயரிலக்கியங்களை விடவும் சில வேளைகளில் மலினமான வெகுசன வாசிப்புப் பொருள்களே தெளிவாகக் காட்டிவிடுகின்றன. ஐக்கிய அமெரிக்கச் சித்திரக்கதைகளில் வரும் கறுப்பின வீரர்கள் இதற்குத் தக்க சான்றாவர். இவற்றைச் சிறுவர் பொழுதுபோக்கெனப் புறந்தள்ளும் உரிமை வர்க்க நோக்குடைய விமர்சகருக்கு இல்லை.

1947இல் பிலடெல்பியாவின் கறுப்பினப் பத்திரிகையாளர் ஒறின் இவான்ஸ், கறுப்பினத்தவரே எழுதி வரைந்த சித்திரக்கதை இதழொன்றை வெளியிட்டார். அது ஓரிதழுடன் நின்றுபோயிற்று. பின்னர் 1966இல், ஸ்ரான் லீ, ஜக் கேர்பி ஆகிய வெள்ளையர் இருவர் படைத்த 'கருஞ்சிறுத்தை' மார்வெல் வெளியீட்டில் தோன்றினான். அவ்வாண்டு ஒக்டோபரில் ஒக்லண்ட் நகரிற் கருஞ்சிறுத்தைக் கட்சி உருவாயிற்று. கட்சி தன் சின்னத்தைப் பெற்றது கதையிலிருந்தன்று. அலபாமாவின் லவுண்ட்ஸ் மாவட்ட வாக்காளர் இயக்கத்திடமிருந்தே பெற்றது. கதையின் சிறுத்தை வக்காண்டா என்னும் கற்பனை நாட்டின் மன்னன், பிறப்பினாலே தலைவன். லவுண்ட்ஸ் மாவட்டத்துச் சிறுத்தையோ வாக்குரிமை மறுக்கப்பட்ட ஏழை விவசாயிகளின் சின்னம். ஒரே விலங்கு, இரு வேறு அரசியல்.

அடுத்து வந்தோர் மண்ணுக்கு நெருங்கியவர்கள். 1969இல் தோன்றிய 'பல்கன்' ஹார்லெமின் சமூகசேவையாளன். 1977இல் தோன்றிய 'பிளாக் லைட்னிங்' பாடசாலை ஆசிரியன். கிளீவ்லண்டில் 1967இலும், டிட்றொயிற், அற்லாண்டா, லொஸ் ஏஞ்சல்ஸ் ஆகியவற்றில் 1973இலும் கறுப்பினத்தவர் மாநகர முதல்வர்களாகத் தெரிவுசெய்யப்பட்ட காலம் இது. படித்த மத்தியதர வர்க்கம் தன்னை மக்களின் இயல்பான பிரதிநிதியாகக் கருதும் மனோபாவம் கதையிலும் அரசியலிலும் ஒன்றாகவே காணப்பட்டது. 1972இன் லூக் கேஜ் விதிவிலக்கானவன். செய்யாத குற்றத்துக்குச் சிறைசென்று, ஆங்கு பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டதால் வலிமை பெற்று, அவ்வலிமையைக் கூலிக்கு விற்றவன். (டஸ்கீகியிற் கறுப்பின ஏழைகள் நூற்றுக்கணக்கானோரின் மேகநோயை 40 ஆண்டுகள் சிகிச்சையளிக்காது அவதானித்த அரசாங்க ஆய்வு அம்பலமானதும் 1972இலேயே.)

தலைமுறை முரண்பாடு கதைப்பொருளாகவே உருப்பெற்றது 1993இல், கறுப்பினப் படைப்பாளிகள் தாமே நிறுவிய மைல்ஸ்டோன் வெளியீடுகளிலேயாகும். டுவேய்ன் மக்டபி எழுதிய 'ஐக்கன்' இவற்றுட் குறிப்பிடத்தக்கது. வேற்றுக்கிரகத்திலிருந்து 1839இல் அடிமைமுறை நிலவிய தென்மாநிலமொன்றில் வந்து வீழ்ந்தவன் அதன் நாயகன். இன்று செல்வந்தனான வழக்கறிஞன். அவரவர் முயற்சியே அவரவரை உயர்த்தும் என நம்பும் பழைமைவாதி. அவன் வீட்டிற் களவாட வந்தோருடன் வந்த ரக்குவெல் என்னும் ஏழைச் சிறுமியே, அவ்வலிமை மக்களுக்குப் பயன்பட வேண்டும் என அவனை இணங்கவைக்கிறாள். பின்னர் கருவுற்று இளந்தாயாகும் அவளுக்கு வறுமை புத்திமதியாற் தீரும் விடயமன்று. அவனது வாதங்களுக்கு அவள் தன் வாழ்க்கையையே விடையாக வைக்கின்றாள்.

எனினும், தலைமுறை என்பது வயதன்று. 1960 ஏப்ரலில் றாலி நகரிற் கூடிய மாணவரை, மதகுருமாரின் அமைப்புக்குக் கீழ்ப்படாது தனித்தியங்குமாறு ஊக்குவித்த எல்லா பேக்கர் 1903இற் பிறந்தவர். மார்ட்டின் லூதர் கிங்கிலும் கால் நூற்றாண்டு மூத்தவர். தனிமனிதத் தலைமையில் அவருக்கு நம்பிக்கை இருக்கவில்லை. வீரக்கதை வடிவமோ தனிமனிதனை விட்டு விலகவே இயலாதது. 2016இற் கருஞ்சிறுத்தைக் கதையை எழுதத் தொடங்கிய தா-நெஹிசி கோட்ஸ், வக்காண்டா மக்களைக் கிளர்ந்தெழச் செய்து மன்னனை அரசியலமைப்புக்கு உட்படுத்தினார். 2022இல் லூக் கேஜ் கதையில் நியூயோர்க் மாநகர முதல்வனானான். முன்னேற்றந்தான், ஆயினும் மார்வெலை 2009இல் டிஸ்னி வாங்கியதிலிருந்து இவ்விருவரும் அந்நிறுவனத்தின் சொத்துகளே.

சித்திரக்கதையை இயக்கத்தின் கருவியாக்கிய மரபொன்றும் உண்டு. மொன்ட்கொமரி பஸ் பகிஷ்கரிப்பை விளக்கிப் பத்துச் சதத்துக்கு விற்கப்பட்ட சிறுநூல் 1957இல் வெளிவந்தது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு ஜோன் லூயிஸ் தம் போராட்ட வாழ்வை 2013 முதல் 2016 வரை மூன்று சித்திரநூல்களாக இணையாசிரியருடன் வெளியிட்டார். 1963 வாஷிங்டன் பேரணியில் 23 வயதான லூயிஸ் ஆற்றவிருந்த உரையின் கடுமையான பகுதிகளை நீக்குமாறு மூத்தோர் வற்புறுத்தினர். 74 வயதான தொழிற்சங்கத் தலைவர் பிலிப் றாண்டொல்ப், தம் வாழ்நாள் முழுவதும் காத்திருந்த நாள் இதுவென இரந்து கேட்டபோது, மாணவர்கள் உரையைத் திருத்தினர்.