நிதி எந்த வழியாக வருகிறது? தலித் திருநர் அமைப்புகளும் நல்கைச் சட்டங்களும்

பால்புதுமையினர் அமைப்புகளுக்கு அறக்கட்டளைகள் வழங்கும் நிதி குறித்த விவாதங்கள் பெரும்பாலும் தொகையைப் பற்றியவை. தலித் திருநருக்கோ அந்நிதி எந்த வழியாக வருகிறது, யாரிடம் நின்றுவிடுகிறது என்பதே முதன்மையான கேள்வி.

இந்தியாவில் இந்நிதி பெருமளவில் எச்.ஐ.வி. தடுப்பின் பெயராலேயே வந்தது. கேட்ஸ் அறக்கட்டளை 2003இல் தொடங்கிய ‘ஆவாஹன்’ திட்டம் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் இயங்கியது. இத்தகைய திட்டங்களை ஒட்டியே பல ஊர்களில் சமூகக் குழுக்கள் உருவாயின. ஆயினும் நோய்த்தடுப்புக்கான நிதியில் சாதி வன்கொடுமைக்கு எதிரான போராட்டத்துக்கு இடமில்லை. 2014ஆம் ஆண்டின் நால்சா தீர்ப்பும், 2018இல் 377ஆம் பிரிவைச் சுருக்கிய தீர்ப்பும் உரிமைப் பணிகளின் தேவையைப் பெருக்கின.

அத்தேவை பெருகிய காலத்தில்தான் வழி குறுகியது. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் செய்யப்பட்ட திருத்தம், ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்கு அளிப்பதை அடியோடு தடைசெய்தது. அதற்குமுன் பெரிய அமைப்புகள் வழியாகச் சிறிய அமைப்புகள் நிதிபெற இயன்றது. இன்று நேரடியாகப் பெறுவதற்கான பதிவுக்கு, பொதுவாக மூன்றாண்டு இருப்பும் அம்மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் செலவிட்ட கணக்கும் வேண்டும். நிருவாகச் செலவின் வரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. அலுவலக வாடகையும் சட்டக் கட்டணங்களும் இவ்வரம்புக்குள்ளேயே அடங்கும். நிதியை இன்னோர் அமைப்புக்கு அளிப்பதற்கான தடையை 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லுமென உறுதிசெய்தது.

கடைகேட்டு வாழும் திருநங்கையர் கூடி அமைத்த ஒரு குழு 15 லட்சத்துக்குக் கணக்குக் காட்டுவது எங்ஙனம்? படிப்பு, ஆங்கிலம், தணிக்கையாளர், நகரத் தொடர்புகள் ஆகியவற்றை ஏற்கெனவே உடையோரே இவ்வாயிலைக் கடப்பர். சட்டத்தில் சாதி என்னும் சொல் இல்லை. விளைவில் சாதி இருக்கிறது. உள்நாட்டு நிறுமங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் மாற்றுவழி ஆகவில்லை. வெளியமைப்புகள் அந்நிதியைப் பெற வருமான வரிச் சட்டப் பதிவுகளையும் மூன்றாண்டுப் பணி அனுபவத்தையும் விதிகள் கேட்கின்றன.

இழப்பு எதுவெனில், கிரேஸ் பானு போன்றோர் முன்னெடுக்கும் கிடைமட்ட இடஒதுக்கீட்டுக் கோரிக்கையைப் பாருங்கள். பட்டியல் சாதி இடத்துக்குள்ளேயே தலித் திருநருக்குரிய பங்கைக் கேட்பது அது. அதற்கு வழக்கு, பயணம், பல்லாண்டு உழைப்பு தேவை. ஓராண்டுத் திட்டநிதியால் அது நிறைவேறாது.

எனவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, மறுபகிர்வுத் தடையை நாடாளுமன்றம் நீக்க வேண்டும். இரண்டு, இந்தியக் கொடையாளர்களின் உள்நாட்டுப் பணத்துக்கு இச்சட்டம் பொருந்தாது என்பதால், அவர்கள் சிறு குழுக்களின் பதிவுக்கும் தணிக்கைக்கும் அன்றாடச் செலவுக்கும் பல்லாண்டு நிதி அளிக்க வேண்டும். மூன்று, நிதியைப் பங்கிடும் குழுக்களில் தலித் திருநர் முடிவெடுப்போராக இடம்பெற வேண்டும். கல்லூரிகளில் ‘பெருமை’ விழா நடத்தும் மாணவர்கள், அவ்விழாவுக்கு நிதியளிப்போரிடம் இம்மூன்றாம் கேள்வியை முதலில் எழுப்பலாம்.