இரண்டு நிமிட ஓட்டமும் மூச்சின் கணக்கும்

முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா, 2023இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வென்றார். 800 மீற்றரில் வெண்கலம். அப்போது அவருக்கு வயது 72. "இந்த வயசில மூச்சு எப்படித் தாங்கிச்சு?" என்ற கேள்வி எழுவது இயல்புதானே.

நம் பாடசாலை மைதானங்களில் இதற்கு எதிரான நம்பிக்கை ஒன்று இருக்கிறது. "400, 800 எல்லாம் கால் பலம்; மூச்சு வேணுமெண்டா மரதனுக்குத்தான்." இது சரியா?

தசைக்குச் சக்தி மூன்று வழிகளில் கிடைக்கிறது. முதலாவது, தசையிலேயே தயாராக இருக்கும் சேமிப்பு. சில விநாடிகளில் முடிந்துவிடும். இரண்டாவது, ஒட்சிசன் இல்லாமல் சீனியைச் சிதைப்பது. வேகமானது, ஆனால் தசையில் அமிலத்தன்மை கூடிக் கால் கனக்கும். மூன்றாவது, ஒட்சிசனைக் கொண்டு எரிப்பது. மெதுவாகத் தொடங்கும், நீடித்து உழைக்கும்.

2001இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்களான ஸ்பென்சரும் காஸ்டினும் நன்கு பயிற்சி பெற்றவர்களை ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, அவர்கள் சுவாசித்த காற்றை அளந்தார்கள். மொத்தச் சக்தியில் ஒட்சிசன் வழியின் பங்கு 200 மீற்றரில் 29 சதவீதம், 400இல் 43, 800இல் 66, 1500இல் 84. 400 மீற்றரும் அதற்கு மேலும் ஓடியவர்களில், தொடங்கி 15 முதல் 30 விநாடிக்குள்ளேயே ஒட்சிசன் வழி முந்திவிட்டது. அதாவது இரண்டு நிமிட ஓட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேலை மூச்சுடையது!

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. விசில் ஊதியதும் கால் பறக்கிறது; இதயமும் குருதியோட்டமும் தசையின் உள்வேலையும் அந்த வேகத்துக்கு வரச் சற்று நேரம் எடுக்கும். அந்த இடைவெளியை உடல் கடன் வாங்கித்தான் ஓடுகிறது. ஓடி முடித்த பிறகும் மூச்சு வாங்குவது ஓரளவுக்கு அந்தக் கடனை அடைக்கத்தான். 1920களில் ஏ.வி. ஹில் இதை 'ஒட்சிசன் கடன்' என்றார். பயிற்சி பெற்றவர்களுக்கு ஒட்சிசன் விரைவாக ஏறுகிறது. அப்படியிருந்தும், 800 மீற்றர் வேகத்தில் ஓடும்போது பலர் தமது உச்ச அளவை முழுமையாக எட்டுவதில்லை. ஆகவே உச்சம் எவ்வளவு என்பது மட்டுமல்ல, எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பதும் முக்கியம்.

இதை அறிய ஆய்வுகூடம் தேவை. பயன்படுத்த ஒரு கைக்கடிகாரம் போதும். 800 ஓடும் பிள்ளையும் கிழமையில் சில நாள் சுபஹுக்குப் பிறகு கிரவல் வீதியில் நிதானமாக நீண்ட தூரம் ஓடட்டும். போட்டிக்குச் சுமார் 20 நிமிடம் முன்னர் போட்டி வேகத்தில் ஒரு 200 மீற்றர் ஓடுவதும் உதவும். 2013இல் வெளியான ஓர் ஆய்வில் இப்படித் தயாரான ஓட்டவீரர்கள் 800 மீற்றரைச் சராசரியாக ஒரு விநாடிக்கு மேல் முந்தி முடித்தார்கள். முதல் 100 மீற்றரிலேயே முழுப் பலத்தையும் கொட்டிவிடக் கூடாது.

கடைசியாக, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு சொல். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் பிள்ளையைச் சட்டென்று நிற்கவோ இருக்கவோ விடாதீர்கள்; காலில் குருதி தேங்கித் தலை சுற்றும். மெதுவாக நடக்க விடுங்கள். ஏற்கெனவே தலை சுற்றுகிறதென்றால் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். ஓடும்போதே மயங்கி விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ, அதைக் களைப்பு என்று தள்ளிவிடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.