வான்கோழி வேட்டையில் முதற்பாடம்

மூதுரை பயின்ற தமிழ் மாணவர்க்கு வான்கோழி என்றதும், மயிலைக் கண்டு தானும் ஆட முற்பட்டு நகைப்புக்கு இடமான பறவையே நினைவுக்கு வரும். ஆயின், அமெரிக்க வான்கோழி வாழும் வட அமெரிக்கக் காடுகளில் அதனைப் பேதையென்று எவரும் எண்ணுவதில்லை. அதன் கண்ணும் செவியும் மிகக் கூர்மையானவை. பல்லாண்டு அனுபவமுடைய வேட்டைக்காரரையும் அது வெறுங்கையோடு வீடு திரும்பச் செய்துவிடும். அத்தகைய பறவையைத் தேடிப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை முதன்முறையாக அழைத்துச் செல்லும் வழக்கம் ஐக்கிய அமெரிக்காவின் கிராமப்புறங்களில் இன்றும் உண்டு. பிள்ளையின் கையில் துவக்கைக் கொடுப்பது தகுமா என்ற வினா எழுவது இயல்பே. அதற்கு விடை காண, அந்தப் பறவையின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

ஐரோப்பியர் குடியேறிய காலத்தில் வான்கோழிகள் அங்கு மலிந்திருந்தன. பின்னர் காடுகள் அழிக்கப்பட்டன. சந்தையில் விற்பதற்காகப் பறவைகள் வரம்பின்றிக் கொல்லப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் அவை அடியோடு மறைந்தன. 1937 ஆம் ஆண்டிலே நிறைவேறிய பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், துவக்கு, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியை வனவிலங்குகளின் மீட்சிக்கு ஒதுக்கியது. கூடுகளில் வளர்த்த பறவைகளைக் காட்டில் விட்டுப் பார்த்தனர், அவை பிழைக்கவில்லை. தாயின் பின் நடந்து இரையையும் பகையையும் அறிந்துகொள்ளாத பறவைக்குக் காட்டு வாழ்வு கைவரவில்லை. 1950 ஆம் ஆண்டுகளில், வெடிமருந்தின் விசையால் வலையை வீசிக் காட்டுப் பறவைகளையே உயிருடன் பிடித்து வேறிடங்களிற் குடியேற்றும் முறை கைகூடிற்று. இன்று அவற்றின் தொகை பல பத்து இலட்சமாகும். எனினும் சில மாநிலங்களில் அண்மைக் காலத்தில் மீண்டும் குறைவு காணப்படுகின்றது.

கற்பிக்கப்படாத குஞ்சுக்கு நேர்ந்தது கற்பிக்கப்படாத பிள்ளைக்கும் நேரலாம். ஆகவே பயிற்சி காட்டுக்குச் செல்லும் முன்னரே தொடங்குகின்றது. நியூ யோர்க் மாநிலம் 1949 ஆம் ஆண்டிலேயே இளம் வேட்டைக்காரர்க்குப் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கிற்று. ஏனைய மாநிலங்களும் பின்பற்றின. பிள்ளைக்கு ஏற்றது, பாரமும் பின்னுதைப்பும் குறைந்த சிறிய துவக்கு. வான்கோழியின் தலைப்படத்தைத் தாளில் வரைந்து, வெவ்வேறு தூரங்களில் நிறுத்திச் சுட்டுப் பார்ப்பர். சன்னங்கள் எவ்வளவு தூரத்துக்கு மேல் சிதறிப் போகின்றன என்பதைப் பிள்ளை தன் கண்ணாலேயே காண்கின்றது. தேர்ந்தவர்க்கே 40 யார் தூரம் எல்லையெனக் கொள்வது மரபு. பழகுவோர்க்கு அதனினும் குறைந்த தூரமே நன்று. எல்லைக்கு அப்பால் சுட்டால் பறவை காயத்தோடு ஓடி மறைந்து வருந்திச் சாகும் என்பதையும் உடன் உணர்த்துவர்.

வேட்டைக்குரிய காலம் வசந்தம். பல மாநிலங்களில், பொதுப் பருவம் தொடங்குமுன் ஓரிரு நாட்கள் இளையோர்க்கென ஒதுக்கப்படுகின்றன. பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். இரவில் மரக்கிளைகளில் உறங்கும் சேவல்கள் விடியலிலே உரத்துக் கூவும். இருள் நீங்குமுன் இருவரும் சென்று, தோளினும் அகன்ற மரமொன்றில் முதுகைச் சாய்த்து அமர்வர். பெரியவர் சிறு மரப்பெட்டியின் மூடியை உராய்த்துப் பேட்டின் குரலை எழுப்புவார். இயற்கையிலோ சேவலின் கூவலைக் கேட்டுப் பேடே அதனை நாடிச் செல்லும். ஆதலால் சேவல் எளிதில் வருவதில்லை; ஒரு மணி நேரமும் காத்திருக்க நேரிடலாம். சிறு அசைவும் அதன் கண்ணுக்குத் தப்பாது. அசையாதிருத்தல் பிள்ளைகளுக்கு அரிதாகையால், துணியாலான மறைவிடத்துள் அமர்த்திச் சிற்றுண்டியும் கொடுத்து, சலிப்புற்றதும் வீடு திரும்புவதே அறிவுடைமை.

அக்காட்டில் பேராபத்து மனிதராலேயே விளைகின்றது. பேட்டின் குரலை எழுப்புபவர் மற்றொரு வேட்டைக்காரராக இருக்கலாம். எனவே குரல் கேட்ட திசையை நோக்கிப் பதுங்கிச் செல்வது கூடாது. சேவலின் தலை சிவப்பும் வெண்மையும் நீலமும் கலந்தது. ஆகவே அந்நிறங்களில் கைக்குட்டைகூட எடுத்துச் செல்வதில்லை. வேறொருவர் அணுகினால் கையை அசைக்காமல் உரத்த குரலில் அழைத்துத் தம் இருப்பை அறிவிக்க வேண்டும். பறவையை முழுமையாகக் கண்டு, அதன் பின்னால் இருப்பதையும் அறிந்த பின்னரே விரல் விசையைத் தொடலாம்.

ஈற்றில் சேவல் வருகின்றது. இறகை விரித்து, மார்பிலே மயிர்க்கற்றை தொங்க, அறுபது யார் தூரத்தில் நிற்கின்றது. பிள்ளையின் நெஞ்சு படபடக்கின்றது, மூச்சு முட்டுகின்றது. பெரியவர் வாய் திறவார். சேவல் சிறிது நேரம் நின்று திரும்பிச் சென்றுவிடுகின்றது. பிள்ளை துவக்கைத் தாழ்த்தி, "இன்னும் தூரந்தானே அப்பா?" என்று வினவுமாயின், அன்றைய பாடம் நிறைவெய்தியது. அவ்வேளையில் தந்தையின் முகத்தில் ஏமாற்றம் தோன்றுமாயின், அடுத்த முறை அப்பிள்ளை தந்தையை மகிழ்விப்பதற்காகவே எட்டாத தூரத்தில் சுடும்.

பறவை வீழ்ந்தாலும் கடமை முடிவதில்லை. மற்றவர் அதனை உயிருள்ள சேவலென மயங்காதவாறு செம்மஞ்சள் துணியால் மூடி எடுத்து வருவர். இறகு நீக்கவும் துண்டமிடவும் பிள்ளையும் துணைநிற்கும். இறைச்சியைக் குடும்பத்தினர் பகிர்ந்துண்பர். ஓர் உயிரின் விலையை உணவு மேசையிலும் அறிந்துகொள்ளச் செய்வதே இதன் நோக்கம்.

பிள்ளையின் கையில் துவக்கைக் கொடுப்பது தகுமா என்ற வினாவுக்கு, அதைச் சுடாமல் தாழ்த்தும் ஆற்றலை முதலில் கொடுத்த பின்னரே தகும் என்பதே விடை. அவ்வாற்றல் வந்த பிள்ளைகளைப் பொறுத்தே அக்காடுகளில் நாளைய விடியலின் கூவலும் அமையும்.