பாதியில் நின்றுபோன ஃபிளாப்

பயணிகள் ஜெட் விமானத்தின் இறக்கை, மணிக்கு 800 கி.மீ.க்கும் மேலான வேகத்துக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டது. ஓடுபாதையை விட்டு எழும் வேகத்தில் அதன் தூக்குவிசை போதாது. எனவே பின்விளிம்பில் ஃபிளாப், முன்விளிம்பில் ஸ்லாட் எனும் பலகைகளை நீட்டி, இறக்கையின் பரப்பையும் வளைவையும் கூட்டுகிறார்கள். மேலேறி வேகம் பிடித்ததும் அவை படிப்படியாக உள்ளே இழுக்கப்படும். அப்போது அவை சிக்கிக்கொள்வதுண்டு.

இருபுறமும் ஒரே அளவில் சிக்கினால் விமானத்தைச் சமாளிக்கலாம். ஒருபுறம் மட்டும் மடங்கினால் அந்தப் பக்கம் தூக்குவிசை குறைந்து விமானம் உருளும். இதைத் தடுக்கவே, இரு பக்க நிலையிலும் வேறுபாடு தெரிந்தவுடன் உணரிகள் இயக்கத்தை நிறுத்திவிடுகின்றன.

ஒருபுறம் மட்டும் மடங்குவது எவ்வளவு ஆபத்தானது என்பதை ஒரு விபத்து காட்டியது. 1979 மே 25 அன்று சிகாகோவில் எழும்பிய டிசி-10 விமானத்தின் இடப்பக்க எஞ்சின் கழன்று விழுந்தது. ஹைட்ராலிக் குழாய்கள் அறுந்ததால் இடப்பக்க வெளி ஸ்லாட்கள் காற்றின் அழுத்தத்தில் உள்ளே போயின. எஞ்சினோடு மின்சாரமும் போனதால் ஸ்லாட் எச்சரிக்கை வேலை செய்யவில்லை. விமானியறையிலிருந்து இறக்கையைப் பார்க்கவும் வழியில்லை. எஞ்சின் பழுதுக்கான அன்றைய விதிப்படி விமானிகள் வேகத்தை 172 நாட் (மணிக்கு 172 கடல்மைல்) அளவிலிருந்து 153 நாட் அளவை நோக்கிக் குறைத்தனர். 159 நாட் வேகத்தில் இடது இறக்கை தூக்குவிசையை இழந்தது. விமானத்தில் இருந்த 271 பேரும் தரையில் இருவரும் இறந்தனர். விமானிகளைக் குறைசொல்ல இடமில்லை. வேகத்தைக் குறைக்காதிருந்தால் விமானத்தைக் கட்டுக்குள் வைத்திருக்க முடிந்திருக்கும் என்பது பின்னர் சிமுலேட்டரில்தான் தெரிந்தது.

ஃபிளாப் சிக்கினால் விமானி நெம்புகோலை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பதில்லை. முதலில் வேகம்: நீண்டிருக்கும் ஃபிளாப் தாங்கும் வரம்பை மீறக்கூடாது; இறக்கை செயலிழக்கும் அளவுக்குக் குறையவும் கூடாது. பிறகு ஒருவர் விமானத்தை ஓட்ட, மற்றவர் சரிபார்ப்புப் பட்டியலை வாசிப்பார். போயிங் 737இல் ஃபிளாப்பை நகர்த்த மாற்று மின்மோட்டார் உண்டு. ஆனால் அதை இயக்கும்போது ஏற்றத்தாழ்வைத் தடுக்கும் தானியங்கிக் காவல் இல்லாததால் ஃபிளாப் நிலைகாட்டியின் இரு முட்களையும் கவனித்தபடியே இருக்க வேண்டும்.

ஃபிளாப் நீண்ட நிலையில் எரிபொருள் வெகுவாகச் செலவாகும் என்பதால் தொலைதூரப் பயணம் பெரும்பாலும் கைவிடப்படும். வட்டமடித்து எரிபொருளை எரித்தோ, வசதியுள்ள விமானங்களில் வெளியேற்றியோ, எடையைக் குறைப்பார்கள். ஃபிளாப் போதிய அளவு விரியாவிட்டால் வேகமாகவே இறங்க வேண்டும். மணிக்கு 260 கி.மீ.க்குப் பதில் 312 கி.மீ. என்றால் வேகம் 20 சதவீதம்தான் கூடுதல். பிரேக்குகள் உறிஞ்ச வேண்டிய ஆற்றலோ 44 சதவீதம் கூடும். ஆகவே நீளமான ஓடுபாதை தேர்ந்தெடுக்கப்படும். பிரேக் சூட்டில் டயர் வெடிக்காமலிருக்க, சக்கரத்திலுள்ள உருகும் அடைப்பான்கள் காற்றை வெளியேற்றிவிடும். தீயணைப்பு வண்டிகள் ஓடுபாதையோரம் காத்திருக்கும்.