வீட்டு பியர் தயாரிப்பு
வீட்டு பியர் தயாரிப்பு என்பது விற்பனை நோக்கமின்றி, சொந்தப் பயன்பாட்டிற்காகச் சிறிய அளவில் பியரை நொதிக்கச் செய்து புட்டிகளில் அடைப்பதாகும். பிரித்தானியாவில் 1963 ஆம் ஆண்டு முதல் இதற்கு உரிமம் தேவையில்லை.

முளைகட்டிய வாற்கோதுமைச் சாறு ஹாப்புப் பூக்களுடன் கொதிக்கவைக்கப்பட்டு, ஆறிய பின் மதுவம் (ஈஸ்ட்) சேர்க்கப்படுகிறது. ஏல் வகைக்கு ஏறத்தாழ 20 பாகை செல்சியசு வெப்பநிலை ஏற்றது. மதுவம் சர்க்கரையை எத்தனாலாகவும் காபனீரொக்சைட்டாகவும் மாற்றுகிறது. குமிழிகள் அடங்குவது மட்டும் நொதித்தல் முடிந்ததற்குச் சான்றாகாது. இரண்டு, மூன்று நாள் இடைவெளியில் எடுக்கும் திரவமானி அளவீடுகள் மாறாதிருக்க வேண்டும்.

புட்டியில் அடைக்கும்போது லிட்டருக்குச் சுமார் 6 கிராம் சர்க்கரை சேர்க்கப்படுகிறது. இதிலிருந்து உண்டாகும் வாயு வெளியேற வழியின்றிப் பியரில் கரைந்து நுரையைத் தருகிறது. நொதித்தல் முடியுமுன் அடைத்தால் எஞ்சிய சர்க்கரையும் நொதித்து, அழுத்தம் மிகுந்து புட்டி வெடிக்கக்கூடும். சிதறும் கண்ணாடி கடுங்காயம் விளைவிக்கும் என்பதால், முதன்முறை தயாரிப்போர் தவிர்க்க வேண்டிய முதன்மையான பிழை இதுவாகும்.