வார்ப்புக் கலையும் இறப்பர்ப் பாலும்

ஓர் உருவத்தைப் பிறிதொரு பொருளில் அவ்வாறே பெறுதற்கு மக்கள் கண்ட வழிகளுள் வார்த்தல் மிகப் பழையது. முதற்கண் அமைவது மாதிரி. மாதிரியைச் சூழ்ந்து அமைவது அச்சு. அச்சினுள்ளே நெகிழ்ந்த நிலையிற் புகுந்து, இறுகி வெளிவருவது வார்ப்பு. இம்மூன்றும் எந்நாட்டிலும் ஒன்றே. வேறுபடுவன அவற்றுக்குரிய பொருள்களே. எவ்வுருவுக்கு எவ்வச்சு ஏற்றது என்னும் வினாவுக்குக் காலந்தோறும் கண்ட விடைகளே இக்கலையின் வரலாறு எனலாம். அவ்விடைகளுள் ஒன்று, சப்பிரகமுவ மாகாணத்து எஹலியகொடப் பகுதித் தோட்டங்களிலே மரத்திலிருந்து வடிகின்றது என்பது பலருங் கருதாத உண்மையாகும்.

வார்ப்போனுக்கு நேரும் இடர்களுள் முதன்மையானது வார்த்தலன்று. வார்த்ததை வெளியே எடுத்தலேயாம். பாதித் தேங்காயை மண்ணிற் பதித்து எடுத்தல் எளிது. முழுத் தேங்காயை மண்ணாற் பொதிந்துவிட்டால், மண்ணைப் பிளவாது அதனை எடுத்தல் இயலாது. மடங்கிய கை, வளைந்த விரல், காதிற் தொங்குங் குழை ஆகியவற்றின் பின்னே அமைந்த உட்குழிவுகள் அச்சைக் கவ்விக்கொள்ளும். எனவே, மாதிரி, அச்சு, வார்ப்பு ஆகிய மூன்றனுள் ஒன்றேனும் விட்டுக்கொடுத்தல் வேண்டும். இதுவே வார்ப்புக் கலையின் அடிப்படை விதியென்க.

நம் முன்னோர் மாதிரியையும் அச்சையும் விட்டுக்கொடுத்தனர். தேன்மெழுகுடன் குங்கிலியம் சேர்த்து உருவத்தை வனைந்து, நுண்ணிய வண்டல்மண்ணை அதன்மேற் பூசி, அதன்மேற் பருமண் பொதிந்து உலர்த்தினர். பின்னர் அனலிலிட, மெழுகு உருகி வெளியேறியது. அது விட்டுச்சென்ற வெற்றிடத்திலே உருகிய உலோகம் புகுந்தது. உலோகம் ஆறியபின் மண்ணச்சை உடைத்து உருவத்தை வெளிக்கொணர்ந்தனர். தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுக்கள், திடமாக வார்த்த திருமேனியைக் கனம் என்றும், உட்குடைவாக வார்த்ததைப் பொள்ளல் என்றும் வேறுபடுத்திக் கூறும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் இம்முறையை விரித்துரைக்கின்றது. சுவாமிமலைத் தபதிகள் இன்றும் இதனையே கையாளுகின்றனர். மெழுகின் அடர்த்தி ஏறக்குறைய 0.96, வெண்கலத்தின் அடர்த்தி ஏறக்குறைய 8.7. ஆதலின் மெழுகுருவை நிறுத்து, அதன் ஒன்பது மடங்கு உலோகமும், வாய்க்கால்களில் தங்குவதற்குச் சிறிது மிகையும் எடுத்தல் போதுமானது.

பொலனறுவையில் 1907, 1908 ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்டுக் கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ள சைவத் திருமேனிகள் இவ்வழியின் மாட்சிக்குச் சான்றாவன. எனினும் இவ்வழியில் ஒரு மெழுகு ஓர் உருவத்தையே தரும். வார்ப்புப் பிழைபடின் வனைந்தவன் உழைப்பு முழுதும் மெழுகோடு போய்விடும். ஒரே உருவைப் பலவாகப் பெற விரும்பியோர் அச்சைப் பல துண்டுகளாக அமைத்து, ஒவ்வொன்றாகக் கழற்றினர். ஆயின் துண்டுகள் பொருந்தும் இடந்தோறும் வார்ப்பிற் கோடு விழும். உட்குழிவு பெருகப் பெருகத் துண்டுகளும் பெருகும்.

உடையாமலும் பிரியாமலும் விட்டுக்கொடுக்கும் அச்சு உண்டாயின் இவ்வல்லல் நீங்கும். அத்தகைய அச்சுக்குரிய பொருள் இறப்பர். 1876 ஆம் ஆண்டில் விக்கம் என்பார் பிறேசில் நாட்டிலிருந்து கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூப் பூங்காவில் முளைத்தன. அவற்றின் கன்றுகள் அவ்வாண்டே இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடப் பூங்காவில் நடப்பட்டன. பின்னர் இம்மரம் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தாழ்குன்றுகளிற் பரவியது. வெட்டிய பட்டையிலிருந்து வடியும் பாலில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இறப்பர்; எஞ்சியதிற் பெரும்பகுதி நீர். இறப்பரின் மூலக்கூறுகள் நீண்டு சுருண்ட சங்கிலிகள். இழுத்தால் நீளும், விட்டால் மீளச் சுருளும். கந்தகம் அச்சங்கிலிகளை இடையிடையே பிணைப்பதால் இம்மீட்சி நிலைபெறுகின்றது. குட்இயர் 1839 இற் கண்ட உண்மை இதுவே.

அச்சுச் செய்தற்குரிய பால், உறையாதிருக்க அமோனியா சேர்க்கப்பட்டு, முன்னரே கந்தகத்தாற் பதப்படுத்தப்பட்டதாயிருத்தல் வேண்டும். மாதிரியின்மேல் இதனைத் தூரிகையால் மெல்லப் பூசுவர். முதற் படலத்திற் காற்றுக்குமிழி ஒன்று தங்கினும் அது வார்ப்பில் மருவாய்த் தோன்றும். வெண்மை மாறித் தேன்நிறங் கொள்வதே படலம் உலர்ந்தமைக்கு அறிகுறி. இவ்வாறு பத்துப் படலம்வரை ஏற்றியபின், மெல்லிய அவ்வுறை வடிவு கெடாதிருக்கப் பரிசுச்சாந்தினால் இரு பாதியான புறக்கூடு அமைப்பர். பின்னர்க் கூட்டைக் கழற்றி, உறையைக் காலுறைபோலப் புறந்திருப்பி உரித்தெடுப்பர். உட்குழிவுகள் அதனைத் தடுக்கமாட்டா.

இவ்வச்சினுள் வார்த்தற்கு ஏற்றதும் பரிசுச்சாந்தே. உறைகளிமமாகிய சிப்சத்தை ஏறக்குறைய 150 பாகை செல்சியசில் வறுக்க, அதன் நீரில் முக்காற்பங்கு நீங்கும். அம்மா மீண்டும் நீருண்ணும்போது ஊசிபோன்ற பளிங்குகளாய்ப் பின்னி இறுகும். இறுகுங்கால் சிறிதே விரிதலால் நுண்ணிய கோடுகளிலும் அழுந்திப் பதியும். நீரில் மாவைத் தூவுதல் வேண்டுமேயன்றி, மாவில் நீரை ஊற்றுதல் கூடாது, ஊற்றின் கட்டிபடும்.

இறப்பருக்கும் எல்லையுண்டு. எண்ணெய் அதனை ஊதச்செய்யும். செம்பு அதற்குப் பகை; ஆதலின் செம்பு, பித்தளை மாதிரிகளுக்கு முன்னரே மெருகெண்ணெய் பூசி உலரவிடல் வேண்டும். உருகிய உலோகத்தை அது தாங்காது. பொன் உருகுவது 1064 பாகையில். இறப்பரோ அதற்கு நெடுந்தொலைவு முன்னரே சிதைந்துவிடும். ஆயினும் இன்றைய நகைத்தொழில் பழைய வழியையும் புதிய வழியையும் இணைத்துவிட்டது. மூலமோதிரத்தை இறப்பரிற் பொதிந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுக்கி, அறுத்துத் திறந்து, அவ்வச்சினுள் உருகிய மெழுகைச் செலுத்துவர். ஓர் அச்சிலிருந்து பல மெழுகு மோதிரங்கள் பிறக்கும். அவற்றைச் சாந்திற் புதைத்து, மெழுகை எரித்துப் பொன்னை வார்ப்பர். மெழுகு இன்றும் அழிகின்றது. ஆனால் கைவண்ணம் அதனோடு அழிவதில்லை. இரத்தினக்கற்களை மண்ணிலும் இறப்பரை மரத்திலும் உடைய எஹலியகொடப் பகுதிக்கு இத்தொழில் எவ்வளவு அணித்தானது என்பது சொல்லாமலே விளங்கும்.

தோட்டங்களிலே பால் வெட்டுவோர் அதனை நிறையாலும் நாட்சம்பளத்தாலுமே அறிவர். பாலாகவோ தாளாகவோ தோட்டத்தை விட்டகன்றபின், அது கொள்ளும் வடிவங்களை அவர் காண்பதில்லை. அவர்தம் பிள்ளைகள் பயிலும் பாடசாலைகளில் ஒரு போத்தற் பாலும் சிறிது சாந்தும் இருப்பின், அடர்த்தியும் பளிங்காதலும் மீட்சியும் ஏட்டிலிருந்து இறங்கிக் கைக்கு வரும். தந்தையோ தாயோ விடியற்காலையில் வெட்டிய பாலிலிருந்து தன் கையால் ஓர் உருவம் எடுத்த பிள்ளை, அத்தொழிலைக் கூலியென்று மட்டும் கருதாது. அறிவின் முதலென்றுங் கொள்ளும்.